சோறு தீரும்வரை பகல்

கீழமுனை ஊருக்கு நேர் எதிரே, வள்ளத்தில் ஏறி ஒரு வெற்றிலையை மென்று துப்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில், ஒரு தீவு இருந்தது. அதில் படகுத்துறை கிடையாது, கடை கிடையாது, விளக்குக் கம்பம் கிடையாது. வெள்ளை மணலும், தாழம்புதரும், காற்றுக்குச் சாய்ந்த உடைமரங்களும், கையால் தோண்டினாலே ஊறுகிற ஒரு நல்லதண்ணீர்ப் பள்ளமும், ஆமைகள் ஏறி இறங்கிய தடங்களும் மட்டும் உண்டு. அந்தத் தீவுக்கு யார் சமைத்த சாப்பாட்டைக் கொண்டுபோனாலும், அது கடைசிப் பருக்கைவரை தின்று தீராமல் அன்றைக்குப் பொழுது சாயாது. மேற்கே கரையில், ஊர்க் கோயில் கோபுரத்துக்கும் உப்பளத்துக்கும் பனைகளுக்கும் ஒரு முழம் மேலே சூரியன் வந்து, வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி, உள்ளே போகவும் மாட்டாமல் திரும்பவும் மாட்டாமல் நின்றுகொண்டே இருக்கும். அதனால் அதற்குச் சோத்துத்தீவு என்று பெயர்.

இது ஏன் என்று கீழமுனையில் யாரும் கேட்டதில்லை. கடலில் உப்பு ஏன் என்று கேட்கிறவன்தான் இதையும் கேட்பான் என்பார்கள். அவர்களுடைய யோசனையெல்லாம் இதை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது என்பதில்தான் இருந்தது. ஏனென்றால் தீவில் சோறு மிஞ்சினால் பகல் நீளுவது தீவுக்கு மட்டுமல்ல, கரையில் ஊர் எல்லையில் இருக்கிற ஓடைப் பாலம்வரைக்கும் நீளும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நல்ல இருட்டாக இருக்கும். டவுனிலிருந்து வருகிற கடைசிப் பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வந்து, பாலம் ஏறியதும் டிரைவர் கண்ணைச் சுருக்கியபடி விளக்கை அணைப்பார். கண்டக்டர், "பகல்ல இறங்குறவங்கள்லாம் எந்திரிங்க" என்று சத்தம் போடுவார். கோழிகள் கூட்டு வாசலில் நின்று ஒன்றையொன்று சந்தேகமாகப் பார்த்துக்கொள்ளும். அந்திமல்லி மொட்டோடு காத்திருக்கும். கருவாடு காயப்போடுகிற பெண்களுக்கும் உப்பளத்துக்காரர்களுக்கும் அது கொண்டாட்டம், இருட்டினால்தான் வலை இறக்கலாம் என்றிருக்கிற ராத்திரி வலைக்காரர்களுக்கு அது வயிற்றெரிச்சல். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கிடந்து அடிபட்டுத்தான் ஊர்க் கமிட்டி சில முறைகளை உண்டாக்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குடும்பம். முறை வருகிற குடும்பம் முந்தின நாள் சாயங்காலம், கொண்டுபோகிற பானை சட்டியையெல்லாம் மாதா சிலை நிற்கிற கெபிக்கு முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்குப் பானைப் பார்வை என்று பெயர். பார்க்கிறவள் எசபெல். யார் யார் எவ்வளவு தின்பார்கள், எந்த வீட்டு மருமகள் மாமியாருக்குப் பயந்து பாதி வயிற்றோடு எழுந்திருப்பாள், எந்த வீட்டுக் கிழவனுக்கு இந்த வருஷம் பல் போய்விட்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பானையை விரலால் தட்டிப் பார்த்து, "ரெண்டு அகப்பை எடு" என்பாள், எடுக்க வேண்டியதுதான். லோபோ வீட்டார் தீவுக்குப் போன சமயத்தில் நடந்ததுக்கு அப்புறம் ஊர் அவள் சொல்லைத் தட்டுவதில்லை. அன்றைக்குப் பானையெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகும் பொழுது சாயவில்லை. ஊர் ஆண்கள் வள்ளம் வள்ளமாகப் போய் சட்டைப்பைகளை உதறி, சேலை மடிப்பைப் பிரித்து, மணலைச் சலித்துக்கூடப் பார்த்தார்கள். கடைசியில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையின் கன்னத்துக்குள் அதக்கிய இட்லித் துண்டு ஒன்று இருந்தது. அதன் தாய் விரலை விட்டு அதை எடுத்துத் தன் வாயில் போட்டு விழுங்கினாள். சூரியன் தேங்காய் விழுவதுபோல விழுந்தது.

எசபெலுக்குக் கொழுந்தன் முறை கஸ்பார். அவளுடைய இறந்துபோன புருஷனின் தம்பி. சொந்த வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசாதவர், கமிட்டிக் கூட்டத்தில் தூணோடு தூணாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போகிறவர். அவர் ஒரு நாள் கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றார்.

"இந்த ஞாயிறு எங்க குடும்பத்துக்கு வேணும்" என்றார்.

கமிட்டித் தலைவர் மச்சாது மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்னவே கஸ்பாரு, உம்ம முறை கோயில் கொடியேத்தம் கழிஞ்சில்லா?"

"அதுவரைக்கும் அவ இருக்க மாட்டா, அண்ணாச்சி."

கஸ்பாரின் பெண்டாட்டி சலேத்தாளுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் இனி வைத்தியம் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியது கஸ்பாருக்கும் மகள் ஜசிந்தாளுக்கும் மட்டும் தெரியும். யாரும் சொல்லாமலே சலேத்தாளுக்கும் தெரியும். இப்போது ஊருக்கும் தெரிந்துவிட்டது. யாரோ பெஞ்சை நகர்த்தினார்கள், அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"எடுத்துக்கிடும்" என்றார் மச்சாது. "இதுக்கெல்லாமா கேக்கணும்?"

"இன்னொண்ணு இருக்கு. பானைப் பார்வை வேண்டாம். எவ்வளவு கொண்டுபோறேன்னு ஒருத்தரும் கேக்கக்கூடாது."

அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. கஸ்பார் கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையை அல்ல, முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை. ராத்திரி வலைக்குப் போகிற ராயப்பன் வாயைத் திறந்தான், எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவனுக்குக் கைக்குழந்தை இருந்தது, வலை இறங்கினால்தான் அடுப்பு எரியும். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "வலையில நெறைய பொத்தல் கெடக்கு. அடைக்கதுக்கு வெளிச்சம் வேணும்னுதான் நானும் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றான். பங்குச் சாமியார், மாலை மணியைப் பொழுது சாய்கிறபோது அடித்துக்கொள்வதாகவும் ஆண்டவர் கையில் கடிகாரம் கட்டியதாகத் தான் எங்கேயும் படிக்கவில்லை என்றும் சொன்னார். எசபெல் மட்டும் எழுந்து கொழுந்தனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சமைக்கது யாரு? நீரா? வெந்நி வச்சாலே அடிப்பிடிக்கவரில்லா நீரு?"

"சமச்சிப் பாப்பேன் மைனி."

"பாத்தீரு. போயி வள்ளத்தக் கழுவும். மத்தத ஊரு பாத்துக்கிடும்."

அந்த வாரம் முழுக்கக் கீழமுனையில் அடுப்புகள் அணையவில்லை. கஸ்பார் வாசலில் உட்கார்ந்து திட்டம் போட்டார். சீக்கிரம் கெடாதது எது, ஒருவராலும் அதிகம் தின்ன முடியாதது எது, கொஞ்சம் தின்றாலே திகட்டுவது எது என்று, புயலுக்கு முன் வலையைப் பத்திரப்படுத்துகிறவர் மாதிரி யோசித்தார். அவர் யோசித்ததெல்லாம் வீடு வீடாக வந்து சேர்ந்தது. புளிச்சோறு அண்டாவில் வந்தது. முறுக்கு தகரத்தில் வந்தது. முந்திரிப்பருப்பு மக்ரூன், அதிரசம், எண்ணெய் மிதக்கிற மாசிச் சம்பல், சீலா மீன் ஊறுகாய், பொரித்த நெத்திலி, கோழி தின்னாத வீட்டிலிருந்து கோழிக்கறி எல்லாம் வந்தன. ராயப்பன் பெண்டாட்டி இடுப்பில் பிள்ளையோடு ஒரு தூக்குவாளி அவியல் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சீக்கிரம் கெட்டுப்போகும், மொதல்ல இத சாப்பிடச் சொல்லுங்க மாமா" என்றாள். எசபெல் தன் கையால் கிண்டிய தொதலைத் தட்டில் கொட்டி ஆறவைத்துக் கொண்டுவந்தாள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் சேர்ந்து கறுத்து, பல்லில் ஒட்டினால் லேசில் விடாத தொதல்.

ஜசிந்தாளைக் கட்டிய, கடல் இல்லாத ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை லியோன், வள்ளம் தண்ணீரில் அமுங்கி நிற்பதைப் பார்த்தார்.

"மாமா, இது சுத்துலாவா, இல்ல பஞ்சத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுறோமா?"

சலேத்தாள் சிரித்தாள். அவளைத் தூக்கி வள்ளத்தில் உட்காரவைத்தபோது அவள் எடை வலையைவிடக் குறைவாக இருந்ததை கஸ்பாரின் கைகள் தெரிந்துகொண்டன, அவர் அதை முகத்துக்குச் சொல்லவில்லை.

தீவு அன்றைக்கு என்றைக்குமில்லாத அழகோடு இருந்தது. காற்று விழுந்து தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. முழங்கால் ஆழத்தில் கடல்பாசி சீவிய தலைமயிர்போல ஒரு பக்கமாகப் படிந்திருந்தது, அதை மேய்ந்துகொண்டு ஒரு கடல்பசு தன் கன்றோடு, அவசரமில்லாமல், இவர்களைப் பொருட்படுத்தாமல் போனது. உடைமரத்தில் பாய்த்துணியைக் கட்டி நிழல் உண்டாக்கி, அதன் கீழ் சலேத்தாளைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். பேரப்பிள்ளைகள் அவள் கால்களை மணலில் புதைத்து, "ஆச்சிக்குக் காலு இல்ல, ஆச்சி கடல்கன்னி" என்று கூத்தடித்தார்கள். ஜசிந்தாள் அம்மாவின் தலையை வாரிவிட்டாள். லியோன் நீந்தத் தெரியாமல் மூக்கில் தண்ணீர் ஏறி இருமினார். சலேத்தாள் ராயப்பன் வீட்டு அவியலில் ஒரு வாய், கோழிக்கறியில் ஒரு வாய் என்று ருசி பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சமைத்தவளின் பெயரைச் சரியாகச் சொன்னாள். அவள் முகத்தில் பழைய களை வந்ததை கஸ்பார் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

சூரியன் வந்து ஊருக்கு மேலே நின்றது.

அவர்கள் சாப்பிட்டுப் படுத்தார்கள், எழுந்து குளித்தார்கள், கதை பேசினார்கள், மறுபடியும் சாப்பிட்டார்கள், மறுபடியும் படுத்தார்கள். சூரியன் நின்ற இடத்திலேயே நின்றது. பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தீர்ந்துபோய், இது இன்றைக்கா நாளைக்கா என்று சண்டை போட்டு, அழுது, அழுதபடியே உறங்கினார்கள். புளிச்சோறு அண்டாவில் பாதிகூடக் குறையவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் கஸ்பாருக்குப் பெட்டி நிறையப் பொன் வைத்திருக்கிறவனின் நிம்மதி வந்தது.

"இஞ்சேரும்" என்றாள் சலேத்தாள். "வெயிலு எம்மூஞ்சியிலேயே நிக்கி."

அவர் பாய்த்துணியை இறக்கிக் கட்டினார்.

"துணிய மாத்துனா தீருமா? அந்தா கரையப் பாரும். ராயப்பன் வலைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். எத்தன தடவதான் ஒரே பொத்தல அடைப்பான்?"

"அவன் சம்மதிச்சிதான் உக்காந்திருக்கான்."

"ஒரு பச்சப்புள்ளக்காரன் நமக்காக உக்காந்திருக்கான், நீரு புளிச்சோத்துக்குக் காவலு இருக்கீரு." அவள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். "லியோன் தம்பி, யாரையாவது கையக்காட்டிக் கூப்பிட்டு, ஊரக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. சமச்சவுக எல்லாரும் வந்து சாப்பிடட்டும்."

"ஏட்டி, ஒரு நாளைக்கு ஒரு குடும்பந்தான் வரணும். ஊரு மொத்தமா என்னைக்கும் இங்க வந்ததில்ல."

"வந்தா தீவு முங்கியா போயிரும்?"

கஸ்பார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மணலைப் பார்த்தார், பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தார், பிறகு கரைக்குக் கையைக் காட்டினார்.

ஊர் வந்தது. வள்ளங்களும் கட்டுமரங்களும், ரப்பர் டியூபில் உட்கார்ந்து காலால் தள்ளிக்கொண்டு சிலரும், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பங்குச் சாமியாரும் வந்தார்கள். வந்தவர்கள் முதலில் கூச்சப்பட்டு ஓரமாக நின்றார்கள். சலேத்தாள் சாய்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இலையைக் கையில் கொடுக்கச் சொன்னாள். மச்சாதுக்கு லோபோ வீட்டு நெத்திலி. லோபோ வீட்டாருக்கு மச்சாது வீட்டு மக்ரூன். வாய்க்கால் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாத இரண்டு வீட்டார் ஒருவர் சமையலை ஒருவர் தின்றுவிட்டு, உப்புக் கூடுதல் என்று குறை சொல்லிப் பேச்சைத் தொடங்கினார்கள். ராயப்பன் பெண்டாட்டி தன் தூக்குவாளி காலியாக இருப்பதைப் பார்த்து முகம் சிவந்தாள். இத்தனை பேர் மிதித்தும் தீவு அமுங்கவில்லை, இத்தனை பேர் கூடியும் நிழல் போதாமல் போகவில்லை. அண்டா குறைந்தது. தகரங்கள் குறைந்தன. கஸ்பார் ஒவ்வொரு பானையின் அடியும் தெரியத் தெரிய, வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கிறவன் மாதிரி நின்றார். ஆனால் தன் பெண்டாட்டி விருந்து நடத்துகிற அழகை அவரால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

எல்லாம் தீர்ந்தது. பெண்கள் கடல் தண்ணீரில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார்கள். எல்லாரும் மேற்கே பார்த்தார்கள்.

சூரியன் நின்றது.

கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் அதன் கன்னத்தை அமுக்கிப் பார்த்தார்கள். எசபெல் கவிழ்ந்து கிடந்த பாத்திரங்கள்மேல் கண்ணை ஓட்டினாள். ஒரு சுற்று ஓட்டியதும் அவள் பார்வை கொழுந்தன்மேல் வந்து நின்றது. தான் தொதல் கொண்டுவந்த தட்டு அங்கே கவிழ்ந்து கிடந்தது, ஆனால் தொதலை ஊரில் ஒருவரும் தின்னவில்லை. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு கிழக்கே திரும்பி நின்று, "கொண்டல் காத்து இந்த வருசம் முந்தி வரும்போலத் தெரியி" என்று உரக்கச் சொன்னாள். மச்சாதும் கிழக்கே திரும்பினார். ராயப்பன் திரும்பினான். ஊர் மொத்தமும் ஒருவர் பின் ஒருவராகக் கிழக்கே திரும்பி நின்று, ஒன்றுமில்லாத கடலைப் பார்த்து, காற்றைப் பற்றியும் மீனைப் பற்றியும் அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தது.

சலேத்தாள் மகளின் தோளைப் பிடித்து எழுந்து, பிறகு அந்தத் தோளையும் விட்டுவிட்டு, தாழம்புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் நடந்து வந்து உட்கார்ந்தாள்.

"எங்க பொதச்சி வச்சிருக்கீரு?"

அவர் தாழம்புதரை முதுகால் மறைத்து நகர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லும்யா. நான் ஒண்ணும் வையமாட்டேன்."

"பொழுது சாஞ்சா..." என்றார் கஸ்பார். மறுபடியும் தொடங்கினார். "இங்க இருந்தா நீ இருக்கலாம்லா. இப்படியே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியிலருந்து வந்த நாள்லருந்து நீரு ராத்திரி வெளக்க அணைக்கதில்ல. என்னையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீரு. நானும் கண்ண மூடிக்கிட்டுக் கெடக்கேன். கல்யாணமாகி வந்த அன்னைக்கே சொன்னேனா இல்லியா, வெளிச்சம் இருந்தா எனக்கு உறக்கம் வராதுன்னு? எத்தன நாளாச்சி நான் உறங்கி."

கஸ்பார் அவளைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை அவர் நோய் என்றே நினைத்திருந்தார். ஒவ்வொரு ராத்திரியும் அவள் மூச்சு ஏறி இறங்குவதை எண்ணி, அவள் உறங்குகிறாள் என்று ஆறுதல்பட்டதெல்லாம் அவருக்கு நினைவு வந்தது.

"உறக்கம் வருதுய்யா" என்றாள் அவள். பசிக்கிறது என்று சொல்கிற குழந்தையின் குரல் அது.

அவர் தாழையின் வேருக்கடியில் மணலைத் தோண்டி, இலையில் சுற்றி வைத்திருந்த தொதலை எடுத்தார். அவள் ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டு, கண்ணை மூடி, "எசபெல் அக்காவுக்குக் கருப்பட்டி விஷயத்துல கை தாராளந்தான்" என்றாள். மிச்சத்தை அவருக்கு ஊட்டினாள். அவர் மென்றார். அது பல்லில் ஒட்டியது, மேலண்ணத்தில் ஒட்டியது, கண்ணீரோடு சேர்ந்து உப்புக் கரித்தது. அவர் வேண்டுமென்றே மெதுவாக மெல்கிறாரோ என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும், கன்னத்தில் செல்லமாக ஒரு இடி இடித்தாள். அவர் சிரித்தபோது அது தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

சூரியன் பனைகளுக்குப் பின்னால் போனது. வானம் செம்மண் நிறமாகி, ஊதாவாகி, எல்லாக் கோழிகளும் கரையில் ஒரே நேரத்தில் கூட்டுக்குள் ஓடுகிற சத்தம் தண்ணீர்மேல் கேட்டது. கோயில் பணியாள் மாலை மணியை அடித்தான். ஊர் இந்தப் பக்கம் திரும்பி, ஒன்றும் நடக்காததுபோல வள்ளங்களைத் தள்ளத் தொடங்கியது.

திரும்பும்போது சலேத்தாள் கஸ்பாரின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். பாதித் தூரம் வருவதற்குள் அவளுக்குக் குறட்டை வந்தது, மெல்லிய, சீரான, பழைய குறட்டை. முன்னால் உட்கார்ந்திருந்த லியோன் கரை தெரியவில்லை என்று டார்ச்சை அடித்தார். வெளிச்சம் அவள் முகத்தில் பட்டுத் திரும்பியது.

"அத அணைங்க மாப்பிள்ள" என்றார் கஸ்பார். "உங்க அத்த உறங்குதா."

லியோன் அணைத்தார். பக்கத்து வள்ளத்தில் வந்த ராயப்பனுக்கு அது கேட்டது, அவன் தன் அரிக்கேன் விளக்கின் திரியை இறக்கினான். அவனுக்குப் பின்னால் மச்சாது இறக்கினார். ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, கடல்மேல் வந்துகொண்டிருந்த விளக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன. எஞ்சின்களை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுத்தார்கள். கரையில் தங்கிவிட்ட ஒன்றிரண்டு பேருக்கும் எப்படியோ தெரிந்து, ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை. கீழமுனைக்காரர்கள் அத்தனை பேரும், எங்கே பாறை, எங்கே மணல்திட்டு என்று கைக்குத் தெரிந்த பழக்கத்தில், அந்த நல்ல இருட்டுக்குள் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். கஸ்பாருக்கு மடியில் இருந்த முகம் தெரியவில்லை. அவர் பார்க்க முயலவும் இல்லை. வள்ளம் மணலில் தட்டியபோது அவள் எழுந்துவிடக்கூடாதே என்று, இறங்காமல், யாரையும் கூப்பிடாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்.